கேள்விப் பெட்டியின் கதை: அனுமதிக்கவா, வேண்டாமா?

2007 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டது. வெள்ளைப் பின்னணியில் இரண்டு பேர். ஒருவர் மேக், இன்னொருவர் பி.சி. அந்த பி.சி.க்குப் பின்னால் கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு மெய்க்காப்பாளர். மேக் வணக்கம் சொன்னால் போதும், மெய்க்காப்பாளர் குறுக்கே வந்து இந்த வணக்கத்தை அனுமதிக்கலாமா, ரத்து செய்யலாமா என்று கேட்பார். பி.சி. அலுத்துப்போய் 'அனுமதி' என்பார். பதிலுக்கு பி.சி. வாயைத் திறந்தால் அதற்கும் ஒரு கேள்வி!

அப்போது புதிதாக வந்திருந்த விண்டோஸ் விஸ்டாவைக் கிண்டல் செய்த விளம்பரம் அது. உலகமே சிரித்தது. ஆனால் அந்த மெய்க்காப்பாளரை வேலைக்கு வைத்த காரணம் சிரிக்கக்கூடியது அல்ல. அவர் ஏன் வந்தார், வந்து என்ன சாதித்தார், எங்கே கோட்டை விட்டார் என்று பார்த்தால் கம்ப்யூட்டர் பாதுகாப்பின் பாதி வரலாறு அதற்குள் இருக்கிறது.

கதை விஸ்டாவில் தொடங்கவில்லை. 1975-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் கணினியில் தகவலைப் பாதுகாப்பது பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். இன்றும் பாடத்திட்டங்களில் இருக்கும் கட்டுரை. அதில் சொன்ன எட்டு கொள்கைகளில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று, எந்த நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான அதிகாரத்துக்கு மேல் ஒரு துளிகூடக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது, பாதுகாப்பு ஏற்பாடு என்பது சாதாரண மனிதன் யோசிக்காமலே சரியாகப் பயன்படுத்தும்படி எளிமையாக இருக்க வேண்டும். முதல் கொள்கையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டாவதை வசதியாக மறந்துவிடுவார்கள். பின்னால் வந்த எல்லா வம்புக்கும் அந்த மறதிதான் காரணம் என்றுகூடச் சொல்லலாம்.

யூனிக்ஸ் உலகத்தில் முதல் கொள்கை ஓரளவு நடைமுறையில் இருந்தது. ஒரே பெரிய கணினியில் பல பேர் வேலை செய்தார்கள், அதனால் ஒருவர் இன்னொருவர் கோப்பில் கை வைக்கக் கூடாது. எல்லா அதிகாரமும் 'ரூட்' என்ற ஒரே கணக்கிடம். 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காக்‌ஷல், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் 'சுடோ' என்ற சின்ன நிரலை எழுதினார்கள். சாதாரண ஆளாகவே வேலை செய்துகொண்டிருப்பவர், தேவைப்படும்போது மட்டும் ரூட் அதிகாரத்தைக் கடன் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்குத் தெரிந்திருக்கும், முதல்முறை பயன்படுத்தும்போது அது ஒரு குட்டி உபதேசம் செய்யும். பிறர் அந்தரங்கத்தை மதி, தட்டச்சு செய்யும் முன் யோசி, அதிகாரம் பெரிதானால் பொறுப்பும் பெரிது என்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுடோவில் கேட்பது மனிதன், கொடுப்பது கணினி. 'எனக்கு அதிகாரம் வேண்டும்' என்று அவரே வந்து நிற்கிறார். ஏன் கேட்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். விஸ்டாவில் இது தலைகீழானது. அங்கே கேட்பது ஏதோ ஒரு நிரல், பதில் சொல்ல வேண்டியவர் மனிதர்.

பி.சி. உலகத்துக்கு வந்தால் நிலைமையே வேறு. எம்.எஸ். டாஸ் காலத்தில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆள். யாரிடமிருந்து யாரைப் பாதுகாப்பது? விண்டோஸ் 95, 98 வரை இதே கதைதான். விண்டோஸ் 98-ல் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வரும், எஸ்கேப் கீயைத் தட்டினால் உள்ளே போய்விடலாம். (பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் சுவரே இல்லை என்பது போல.) 1993-ல் வந்த விண்டோஸ் என்.டி.யில் முறையான பயனர் கணக்குகள் இருந்தன. அந்த என்.டி.யின் வழியில் 2001 அக்டோபரில் வீடுகளுக்கு வந்ததுதான் எக்ஸ்பி. பாதுகாப்புக்கான எல்லாக் கருவியும் அதற்குள் இருந்தது. ஆனால் நிறுவும்போது உருவாக்கிய கணக்குகள் எல்லாம் அட்மின் கணக்குகளாகவே இருந்தன.

ஏன் அப்படிச் செய்தார்கள்? முட்டாள்தனம் அல்ல, வியாபாரக் கணக்கு. விண்டோஸ் 98-க்கு எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான மென்பொருட்கள் கணினியின் எந்த மூலையிலும் எழுதலாம் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. ஒரு விளையாட்டு தன் ஸ்கோரை நிரல்கள் இருக்கும் பொதுக் கோப்புறையிலேயே எழுதிவைக்கும். அதிகாரம் குறைந்த கணக்கில் ஓடவிட்டால் அது படுத்துவிடும். 'புது விண்டோஸில் என் பழைய புரோகிராம் ஓடவில்லை' என்றால் புது விண்டோஸ் விற்காது. அதனால் எல்லோரும் அட்மின். எல்லோரும் அட்மின் என்பதால் புரோகிராமர்களும் அட்மின் கணக்கிலேயே எழுதி அட்மின் கணக்கிலேயே சோதித்தார்கள். அதனால் புதிதாக வந்த மென்பொருளும் அட்மின் அதிகாரம் கேட்டது. ஒரு சுழல். யாருக்கும் அதிலிருந்து முதலில் வெளியே வர ஆசையில்லை, ஏனென்றால் முதலில் வருபவருக்குத்தான் நஷ்டம்.

இதன் விலை சீக்கிரமே தெரிந்தது. 1999-ல் மெலிஸா, 2000 மே மாதத்தில் காதல் கடிதம் என்ற பெயரில் வந்த வைரஸ், 2001-ல் கோட் ரெட், நிம்டா, 2003 ஆகஸ்ட்டில் பிளாஸ்டர். 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, புது வசதியா பாதுகாப்பா என்று வந்தால் பாதுகாப்பையே தேர்ந்தெடுங்கள் என்றார்.

விஸ்டாவுக்கு முன்பே கேள்விப் பெட்டிக்கு ஒரு பரிசோதனை நடந்து முடிந்திருந்தது. 1996-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஆக்டிவ்எக்ஸ் என்ற நுட்பம் வந்தது. ஒரு இணையப் பக்கம் உங்கள் கணினியில் நிரலை நிறுவ விரும்பினால், 'இன்ன நிறுவனம் கையொப்பமிட்ட நிரல் இது, நிறுவலாமா?' என்று பெட்டி கேட்கும். கையொப்பம் இருப்பதால் ஏமாற முடியாது என்பது வாதம். 2001 ஜனவரி 29, 30 தேதிகளில் வெரிசைன் நிறுவனம், மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்று சொல்லிக்கொண்டு வந்த யாரோ ஒருவருக்கு மைக்ரோசாஃப்ட் பெயரிலேயே இரண்டு சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டது! மார்ச் மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. அதை வைத்துக் கையொப்பமிட்ட நிரல் ஒன்று வந்திருந்தால், பெட்டியை ஒரு எழுத்து விடாமல் படித்த ஆள்கூட 'சரி' என்றுதான் அழுத்தியிருப்பார். படிக்காதவர் பற்றிப் பேசவே வேண்டாம்.

2004 ஆகஸ்ட்டில் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் வந்தபோது மைக்ரோசாஃப்ட் இரண்டு காரியம் செய்தது. ஃபயர்வாலைத் தானாகவே இயங்கும்படி வைத்தது. பிளாஸ்டர் போன்றவை எந்தக் கேள்வியும் கேட்காமல் நெட்வொர்க் வழியாக நுழைந்தவை, அவற்றை எந்தக் கேள்வியும் கேட்காமலே தடுத்தது ஃபயர்வால். இரண்டாவது, ஆக்டிவ்எக்ஸ் பெட்டியை எடுத்துவிட்டு, பக்கத்தின் மேலே மெல்லிய ஒரு பட்டையை வைத்தது. 'ஒன்றைத் தடுத்திருக்கிறோம், வேண்டுமானால் க்ளிக் செய்யுங்கள்.' கண்டுகொள்ளாமல் விட்டாலும் வேலை நடக்கும், நிரல் மட்டும் நுழையாது. சோம்பேறித்தனத்தைப் பாதுகாப்புக்குச் சாதகமாகத் திருப்பிய ஏற்பாடு. இந்த வரலாற்றில் இதற்குக் கிடைத்த பெயர் ரொம்பக் குறைவு.

இனி விஸ்டா. 2007 ஜனவரி 30-ல் பொதுமக்களுக்கு வந்தது. அதிலிருந்த ஏற்பாட்டின் பெயர் 'யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல்', சுருக்கமாக யூ.ஏ.சி. அட்மினாக உள்ளே நுழைந்தாலும் உங்களுக்கு இரண்டு அடையாள அட்டைகள் தயாராகும். ஒன்று சாதாரண அட்டை, மற்றது முழு அதிகார அட்டை. எல்லா நிரலும் சாதாரண அட்டையில்தான் ஓடும். பெரிய அதிகாரம் தேவைப்பட்டால் திரை இருண்டு, நடுவில் பெட்டி வந்து கேட்கும். திரை இருள்வது வெறும் நாடகம் அல்ல. அந்த நேரத்தில் வேறு எந்த நிரலும் உங்களுக்குப் பதில் பொத்தானை அழுத்தவோ, பெட்டியின் மேல் பொய்ப் படம் போர்த்தவோ முடியாது. பழைய மென்பொருட்களுக்காக ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. பொதுக் கோப்புறையில் எழுத முயன்றால், எழுதியது போல நம்பவைத்துவிட்டு அந்தப் பயனரின் சொந்த இடத்தில் எழுதிவைக்கும். பொறியியல் என்ற அளவில் நல்ல வேலை.

நடைமுறையில்? எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான ஒரு ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பிலிருந்து நீக்கப் போனால் ஒன்றுக்கு மேற்பட்ட கேள்வி. கடிகாரத்தை மாற்றக் கேள்வி. பழைய நிரலின் கோப்புப் பெயரில் 'செட்அப்', 'இன்ஸ்டால்', 'அப்டேட்' என்ற சொல் ஏதாவது இருந்தால் அது நிறுவும் நிரலாக இருக்கலாம் என்று ஊகித்து அதற்கும் கேள்வி. ஒரு அலுவலகத்தில் மேலாளரிடம் தினமும் நூறு வவுச்சர் கையெழுத்துக்கு வருகிறது என்று வையுங்கள். முதல் பத்தைப் படிப்பார். அப்புறம் கை தானாகப் போகும். கள்ள வவுச்சர் எண்பதாவதாக வந்தால் அதற்கும் கையெழுத்து விழும். தணிக்கையின்போது மாட்டுவது யார்? கையெழுத்துப் போட்டவர். கேள்விப் பெட்டி மீது இருக்கும் பெரிய குற்றச்சாட்டே இதுதான். அது ஆபத்தைக் குறைக்கிறதோ இல்லையோ, பழியை இடம் மாற்றிவிடுகிறது. 'நீங்கள்தானே அனுமதி கொடுத்தீர்கள்?'

இந்த இடத்தில்தான் 2008 ஏப்ரல் சம்பவம் வருகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஆர்.எஸ்.ஏ. பாதுகாப்பு மாநாட்டில் மைக்ரோசாஃப்டின் டேவிட் கிராஸ், யூ.ஏ.சி.யை வைத்ததே பயனர்களை எரிச்சலூட்டத்தான் என்றும், இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்றும் பேசினார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஆனால் அவர் சொன்ன காரணத்தைச் சேர்த்துப் படித்தால் அது உளறல் அல்ல. எரிச்சலடையும் வாடிக்கையாளர் மென்பொருள் நிறுவனத்திடம் போய்ச் சண்டை போடுவார். நிறுவனம் அட்மின் அதிகாரம் தேவைப்படாதபடி மென்பொருளைத் திருத்தி எழுதும். அதாவது பெட்டி என்பது பயனருக்கான கேள்வியே அல்ல, புரோகிராமர் மீது போட்ட வரி! வசூலிக்கும் இடம் மட்டும் பயனரின் மேசை.

வரி வேலை செய்ததா? செய்தது. 2008 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கணக்குப்படி, விஸ்டா வந்த புதிதில் இந்தப் பெட்டியை வரவழைத்த நிரல்கள், வேலைகள் மொத்தம் 7,75,312. பின்னர் அது 1,68,149 ஆகக் குறைந்தது. எக்ஸ்பி காலத்துச் சுழல் இங்கேதான் உடைந்தது. இன்று ஒரு சாதாரண விண்டோஸ் மென்பொருள் அட்மின் அதிகாரம் இல்லாமல் ஓடுகிறது என்றால் அதற்கு விஸ்டாவின் நச்சரிப்புக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருந்தது. பெட்டி வந்தபோது விஸ்டாவில் 89 சதவீதமும், அதன் முதல் சர்வீஸ் பேக்கில் 91 சதவீதமும் 'அனுமதி' என்றே பதில் வந்தது. இதை வைத்து மக்கள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்கள் என்று உடனே முடிவு கட்டுவது சரியல்ல. கேட்டவற்றில் பெரும்பாலானவை நியாயமான வேலைகளாகவே இருந்திருக்கும். ஆனால் அப்படியென்றால் அத்தனை தடவை ஏன் கேட்க வேண்டும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 2009-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி ஒரு கட்டுரையில் இதைப் பொருளாதாரமாகவே எழுதினார். பாதுகாப்பு அறிவுரைகளை மக்கள் புறக்கணிப்பது முட்டாள்தனம் அல்ல, பகுத்தறிவான முடிவு என்பது அவர் வாதம். அறிவுரையைப் பின்பற்ற ஆகும் நேரத்துக்கு விலை போட்டால், தடுக்கப்படும் நஷ்டத்தைவிட அது பெரிதாக வருகிறது. பயனரின் நேரம் இலவசம் என்று நினைத்து வடிவமைப்பவர்கள் செலவு செய்கிறார்கள். வணிகவியலில் புறச்செலவு என்று படிப்பது இதைத்தான்.

பெட்டியின் எல்லை பற்றி மைக்ரோசாஃப்டிலேயே வெளிப்படையாகப் பேசியவர் மார்க் ரஸ்ஸினோவிச். யூ.ஏ.சி. ஒரு பாதுகாப்புச் சுவர் அல்ல என்று 2007-லேயே எழுதினார். இன்னொரு விஷயமும் உண்டு. திருடனுக்கு உங்கள் கணினி வேண்டாம், உங்கள் கோப்புகள்தான் வேண்டும். அதற்கு அட்மின் அதிகாரமே தேவையில்லை. 2013-ல் பரவிய கிரிப்டோலாக்கர், பயனரின் சொந்த அதிகாரத்திலேயே அவருடைய கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. கோப்புகளைப் பூட்டும்போது திரை இருளவில்லை, மெய்க்காப்பாளரும் வாயைத் திறக்கவில்லை.

விண்டோஸ் 7-ல் (2009 அக்டோபர்) கேள்விகளைக் குறைக்க நான்கு படிகள் கொண்ட ஒரு நகர்த்தி வைத்தார்கள். விண்டோஸின் சொந்த நிரல்களுக்குக் கேள்வி இல்லை என்பது இயல்பு நிலை. சோதனைப் பதிப்பு வந்ததுமே இரண்டு பதிவர்கள் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். கேள்வியை நிறுத்தும் அமைப்பை மாற்றுவதும் விண்டோஸின் சொந்த வேலைதானே? அதற்கும் கேள்வி இல்லை! கீபோர்டைத் தட்டுவது போல நடிக்கும் ஒரு குட்டி நிரல் யூ.ஏ.சி.யையே அணைத்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் முதலில் இது வேண்டுமென்றே செய்த வடிவமைப்பு என்றது. 2009 பிப்ரவரியில் இறங்கி வந்து திருத்தியது. ஆனாலும் சொந்த நிரல்களுக்குத் தந்த சலுகையைப் பயன்படுத்தி நுழையும் வழிகள் பின்னாளில் வந்த பல நச்சுநிரல்களுக்கு உதவின.

கேள்விப் பெட்டியையே ஆயுதமாக்கிய உதாரணம் ஒன்று உண்டு. பிரவுசிங் சென்டரில் பென் டிரைவ் செருகியவர்களுக்குப் பழக்கமான வகை. 2008 இறுதியில் பரவிய கான்ஃபிக்கர். பென் டிரைவைச் செருகியதும் விண்டோஸ் 'என்ன செய்யலாம்?' என்று ஒரு பட்டியல் காட்டும் அல்லவா? அதன் முதல் வரியில் மஞ்சள் கோப்புறைப் படமும் 'கோப்புகளைப் பார்க்க கோப்புறையைத் திற' என்ற வாசகமும் இருக்கும். ஆனால் அது கான்ஃபிக்கர் எழுதிவைத்த வரி. அதை அழுத்தினால் வைரஸ் ஓடும். உண்மையான கோப்புறை வரி கீழே இருக்கும். மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? இன்னொரு எச்சரிக்கையைச் சேர்க்கவில்லை. பென் டிரைவிலிருந்து நிரல் ஓடவைக்கும் அந்த வரியையே விண்டோஸ் 7-ல் எடுத்துவிட்டது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அதே மாற்றத்தைத் தானியங்கிப் புதுப்பிப்பாக அனுப்பியது. கேட்க வேண்டிய கேள்வியே இல்லாமல் போனது.

போன்களுக்குக் கதை மாறியபோது பழைய தவறு புது உடையில் வந்தது. ஆண்ட்ராய்டு ஆரம்பத்தில் நிறுவும் நேரத்திலேயே எல்லா அனுமதியையும் ஒரு நீண்ட பட்டியலாகக் காட்டி, ஒத்துக்கொண்டால் நிறுவு, இல்லாவிட்டால் போ என்றது. 2012-ல் ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட் குழுவினர் செய்த ஆய்வில், பங்கேற்றவர்களில் 17 சதவீதம் பேர்தான் அந்தப் பட்டியலைக் கவனித்தார்கள். புரிந்ததா என்று கேட்ட மூன்று கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் 3 சதவீதம். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 அதை மாற்றி, கேமராவைத் திறக்கும் நேரத்தில் கேமராவுக்கு அனுமதி கேட்டது. ஐபோனில் 2012 பிப்ரவரியில் 'பாத்' என்ற செயலி கேட்காமலே முகவரிப் புத்தகத்தைத் தன் சர்வருக்கு ஏற்றியது அம்பலமாகி, அந்த ஆண்டே ஐ.ஓ.எஸ். 6-ல் தொடர்புகளுக்கான கேள்வி வந்தது.

அதற்காகப் பெட்டிகள் எல்லாமே வீண் என்று சொல்லிவிட முடியாது. ஃபெல்ட்டும் தேவ்தத்த அகாவேயும் 2013-ல் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட பிரவுசர் எச்சரிக்கைகளை ஆராய்ந்தார்கள். நச்சுநிரல், போலித்தளம் பற்றிய எச்சரிக்கையைத் தாண்டிப் போனவர்கள் கால்வாசிக்கும் குறைவு. ஆனால் சான்றிதழ் பிழை எச்சரிக்கையை குரோமில் 70 சதவீதம் பேர் தாண்டினார்கள், ஃபயர்ஃபாக்ஸில் 33 சதவீதம். மக்கள் அதே மக்கள், எச்சரிக்கையின் வடிவமைப்பு வேறு. அபூர்வமாக வந்து, வந்தால் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும் எச்சரிக்கையை மக்கள் மதிக்கிறார்கள்.

2021 ஏப்ரலில் ஐபோன் 'இந்தச் செயலி உங்களைப் பின்தொடரலாமா?' என்று கேட்கத் தொடங்கியது இன்னும் சுவாரஸ்யம். வேண்டாம் என்றால் பயனருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, செயலி வழக்கம்போல ஓடும். பதில் சொல்ல கணினி அறிவும் தேவையில்லை. தன்னைப் பின்தொடரலாமா என்பது எவருக்கும் தெரிந்த பதில். இதனால் 2022-ல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா சொன்னது. ஒரு பெட்டிக்கு இவ்வளவு பலமா! இந்தக் கையெழுத்து எதற்கு என்று 'முகவரி .டி.எல்.எல். கோப்பை மாற்றலாமா' என்பது போன்ற கேள்விகளில் ஒருபோதும் புரிந்ததில்லை. இதில் புரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுபக்கம் 2022 செப்டம்பர். ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டு திருடர் கையில் கிடைத்தது. திருடர் திரும்பத் திரும்ப உள்ளே நுழைய முயன்றார். ஒவ்வொரு தடவையும் ஊழியரின் போனில் 'நீங்கள்தானா? அனுமதிக்கவா?' என்று வந்தது. ஆரம்பத்தில் மறுத்தவர் கடைசியில் ஒன்றை அனுமதித்துவிட்டார். நூறு வவுச்சர் கதையேதான், இந்தத் தடவை வவுச்சரை நீட்டியவனே திருடன். மைக்ரோசாஃப்ட் தன் ஆதென்டிகேட்டர் செயலியில் 2023 மே 8 முதல் வெறும் 'அனுமதி' பொத்தானை நிறுத்தி, உள்ளே நுழையும் திரையில் தெரியும் எண்ணைப் போனில் தட்டினால்தான் ஆகும் என்று கட்டாயமாக்கியது. திருடனின் திரையில் இருக்கும் எண் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஊழியருக்குத் தெரியாது. அதனால் தெரியாத்தனமாக 'சரி' என்று அழுத்தவும் வழியில்லை.

அந்த 2007 விளம்பரத்தை எடுத்த ஆப்பிளின் கதை என்ன? 2019-ல் வந்த மேக் ஓ.எஸ். கேட்டலினா, கோப்புறைக்கு, திரையைப் பதிவு செய்ய, கீபோர்டைக் கவனிக்க என்று கேள்வி மேல் கேள்வி கேட்டு, விஸ்டாவோடு ஒப்பிடப்பட்டது. 2024-ல் சிகோயா பதிப்பின் சோதனைக் காலத்தில், திரையைப் பதிவு செய்யும் செயலிகளுக்கு ஏற்கெனவே கொடுத்த அனுமதியை வாராவாரம் புதுப்பிக்கச் சொல்லிப் பெட்டி வந்தது. பயனர்கள் கூச்சல் போட்டார்கள். ஆப்பிள் அதை மாதம் ஒரு முறை என்று மாற்றியது.